எள்ளுத் தாத்தாவைத் தேடிப் போனேன், வழி காட்டியவர் எள்ளுப் பாட்டி

என் மாமனாரின் அத்தைக்கு அப்போது வயது 96. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிழக்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்ததால் மகளையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனோம். கைப்பேசியில் பதிவு போட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். “என் தாத்தா உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். நான் அவரைப் பார்த்ததில்லை. பாட்டியையும் பார்த்ததில்லை, நான் பிறக்க ஐந்து வருஷம் இருக்கும்போதே போய்விட்டார். ஆனால் எனக்கு வைத்திருப்பது அந்தப் பாட்டியின் பெயர்” என்றார்.

அந்தக் கடைசி வரியை நோட்டில் எழுதினேன். எழுதியதோடு சரி, எட்டு மாதம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறொருவரின் வாழ்க்கையை எங்கள் குடும்பத்துக் கதையாக அத்தனை நாள் சுமந்திருக்க மாட்டேன்.

நான் திண்டுக்கல்லில் பிறந்தவள். திருமணமாகி அமெரிக்கா வந்து கொலம்பஸில் இருக்கிறேன். அத்தையின் தாத்தா என் கணவருக்கு எள்ளுத் தாத்தா. அவர் சண்டை போட்டது 1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட போரில். அவர் குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை, அந்தப் பெயரோடு இன்றும் பலர் இருக்கிறார்கள். ஜெர்மானியப் பெயர் என்பது போதும். வீட்டில் அவரைப் பற்றி இருந்தவை மிகக் கொஞ்சம்: ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் தகரத் தகட்டில் எடுத்த ஒரு புகைப்படம், போர் வீரர் சங்கத்தின் ஐந்துமுனை வெண்கல நட்சத்திரம். அதோடு மூன்று கதைகள். சிறுவனாகத் தனியே கப்பலேறி வந்தார், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுப்பிய எல்லிஸ் தீவில் அதிகாரிகள் அவர் பெயரை மாற்றினார்கள், போரில் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரின் முற்றுகையில் வீரச் செயல் புரிந்தார்.

கதைகளை முதலில் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892 ஜனவரி 1-ஆம் தேதி. எங்கள் ஆளோ 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஏழு வயதுப் பையனாக ஓஹையோவில் அப்பா அம்மாவோடு இருக்கிறார். ஆகவே தனியாக வந்ததும் இல்லை, எல்லிஸ் தீவைப் பார்த்ததும் இல்லை. பெயர் மாற்றுவது அந்தத் தீவின் அதிகாரிகளுடைய வேலையாகவும் இருக்கவில்லை. கப்பல் கம்பெனி எழுதிக் கொடுத்த பயணியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். பெயர்கள் மாறியது பெரும்பாலும் ஊருக்குள்தான். பள்ளி ஆசிரியர், கடைக்காரர், கணக்கெடுக்க வந்தவர், அப்புறம் அந்தக் குடும்பத்தாரே. ம்யூலர் மில்லர் ஆனார், ஷ்மிட் ஸ்மித் ஆனார், தச்சரைக் குறிக்கும் ஸிம்மர்மான் மொழிபெயர்ந்து கார்ப்பென்டர் ஆனார். எங்கள் எள்ளுத் தாத்தாவின் பெயர் ஐந்து கணக்கெடுப்புகளில் ஐந்து விதமாக இருக்கிறது. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். தேடும்போது எழுத்தை மறந்துவிட்டு ஒலியைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தத் தேடலுக்கு முதுகெலும்பு. 72 வருடம் கழித்துத்தான் வெளியிடுவார்கள். 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வந்தது. அதில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினேன். எல்லாமே ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது. கைக்கெட்டியதும் 1850-க்குத் தாவிவிடத் தோன்றும். தாவக்கூடாது. ஒவ்வொரு கணக்கெடுப்பும் கேட்ட கேள்விகள் வேறு. 1850-க்கு முன்னால் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் வருகிறது. 1880-இல்தான் யார் யாருக்கு என்ன உறவு என்ற பத்தி வருகிறது. அதற்கு முன்னால் ஒரே வீட்டில் இருக்கும் பெண் மனைவியா, தங்கையா, அண்ணன் மனைவியா என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. 1890-ஆம் ஆண்டுக் கணக்கு கிட்டத்தட்ட முழுவதும் இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அதை வைத்திருந்த கட்டடத்தில் தீப்பிடித்துப் பாழாகி, மிச்சமிருந்ததையும் பின்னால் அழித்துவிட்டார்கள். 1880-க்கும் 1900-க்கும் நடுவில் இருபது வருடம் பள்ளமாகக் கிடக்கிறது. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போய்விடக்கூடிய காலம்.

நான் தவறியது இதிலெல்லாம் இல்லை. பெயரையும் கவுண்டியையும் (நம் மாவட்டம் போன்றது) போட்டுத் தேடினேன். டஸ்கராவாஸ் கவுண்டி, உள்நாட்டுப் போர். உடனே ஒருவர் கிடைத்தார். வயது இரண்டு வருடம்தான் வித்தியாசம். 51-ஆம் ஓஹையோ காலாட்படை, அந்தக் கவுண்டியிலேயே 1861-இல் திரட்டிய படை. இணையத்தில் ஏற்கெனவே பலர் போட்டு வைத்திருந்த குடும்ப மரங்களிலும் எங்கள் கொள்ளுத் தாத்தாவை, அதாவது அத்தையின் அப்பாவை, அவருடைய மகனாகவே இணைத்திருந்தார்கள். ஆறேழு மரங்கள் ஒரே விஷயத்தைச் சொன்னதால் அதைச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன். ஒருவர் போட்டதை மற்றவர்கள் நகலெடுத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மரங்களில் மனைவியின் பெயர் வேறாக இருந்தது. அத்தை சொன்ன பெயர் இல்லை. “இரண்டாம் தாரமாக இருக்கலாம்” என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த முழுத் தேடலிலும் நான் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். பொருந்தாத ஒன்று கண்ணில் பட்டால் அதற்கு ஒரு காரணம் கற்பித்து மூடிவிடத் தோன்றும். அந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும். அத்தை தன் பெயர் யாருடையது என்று சொல்லும்போது அது சாதாரணச் செவிவழிக் கதை இல்லை. அவர் பிறந்தபோது அவருடைய அப்பா, தன் அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார். அதைவிட நெருக்கமான சாட்சி ஏது?

51-ஆம் படை சிக்கமாகா போரில் இருந்தது. 1863 செப்டம்பர் 19, 20 தேதிகளில் ஜார்ஜியாவின் வட எல்லையில் நடந்த மிகக் கொடிய சண்டை. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கோடை விடுமுறையில் மாமனாரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் காரோட்டிப் போனோம். படையின் நினைவுக் கல் அருகில் அவர் வெகுநேரம் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஊருக்கு வந்து இரண்டு வாரத்தில் 1890-ஆம் ஆண்டின் போர் வீரர் பட்டியலைத் திறந்தேன். பொதுக் கணக்கெடுப்பு அழிந்தாலும், அதோடு சேர்த்து வடதரப்பு வீரர்களையும் அவர்களின் விதவைகளையும் தனியாக எழுதிய தாள்களில் ஒரு பகுதி தப்பியிருக்கிறது. ஆங்கில அகரவரிசையில் கென்டக்கிக்கு முந்தைய மாநிலங்களுடையவை ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன. ஓஹையோவுடையது இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்தால் ஒரே தாளில், நாலைந்து வரி இடைவெளியில், ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவர் 51-ஆம் படை. இன்னொருவர் 37-ஆம் படை.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு 1880-ஆம் ஆண்டுத் தாளுக்குத் திரும்பினேன். இரண்டு குடும்பமும் அங்கே இருந்தன, அடுத்தடுத்த பண்ணைகள். 51-ஆம் படைக்காரரின் வீட்டில் மரங்கள் சொன்ன மனைவி. 37-ஆம் படைக்காரரின் வீட்டில் அத்தையின் பெயரோடு ஒரு பெண், அவர் மடியில் என்பது போல் கடைசி வரியில் ஒரு வயதுக் குழந்தை. எங்கள் கொள்ளுத் தாத்தா.

இரண்டு பேரும் பங்காளிகள் என்பது பல மாதம் கழித்துத் தெரிந்தது. அப்பாக்கள் அண்ணன் தம்பி. அந்த அண்ணன் தம்பி இருவரும் தங்கள் அப்பாவின் பெயரை மூத்த மகனுக்கு வைத்திருக்கிறார்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. எங்கள் ஊரில் ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், பட்டப்பெயர் இல்லாமல் யாரையும் கூப்பிட முடியாது. அந்த ஊர்க்காரி நான், ஓஹையோவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம் என்று யோசிக்காமல் விட்டேன். ஜெர்மானியரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஞானஸ்நானத்தில் எல்லா ஆண்பிள்ளைக்கும் யோஹான் என்று முன்னால் வைத்துவிட்டு, இரண்டாவது பெயரால் அழைப்பார்கள். ஆகவே ஒரே ஆள் ஒரு தாளில் ஜான், இன்னொரு தாளில் ஹென்றி. ஒரே வீட்டில் மூன்று ஜான். இப்படி இருக்கும்போது பெயர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆளை அடையாளம் காண முடியாது. மனைவி யார், பிள்ளைகள் யார், எந்த நிலம், பக்கத்துப் பண்ணை யாருடையது, இவ்வளவும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

37-ஆம் ஓஹையோ காலாட்படை 1861-இல் ஜெர்மானியக் குடியேறிகளைக் கொண்டு அமைத்த படை. எங்கள் ஆளுக்கு அப்போது வயது 18. தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய படைச் சேவைக் கோப்பில் உயரம், கண்ணின் நிறம், தொழில் எல்லாம் இருக்கின்றன. சாம்பல் நிறக் கண்கள், விவசாயி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த வருகைப் பதிவும் உண்டு. 1863 மே, ஜூன் தாளில் “இருந்தார்” என்று போட்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள், கணக்கெடுத்த நாளில் முகாமில் இருந்தார் என்பது மட்டும்தான். மே 22 அன்று விக்ஸ்பர்க்கில் குண்டுமழையில் இருந்தார் என்று அதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. இதை மாமனாரிடம் சொல்லத் தயங்கினேன், ஆனால் சொன்னேன்.

மே 22-இல் என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். விக்ஸ்பர்க்கின் கிரேவ்யார்டு சாலை வழியாக, கோட்டைச் சுவரைத் தாண்ட முன்வந்த 150 தொண்டர்கள் முதலில் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த படைகளில் ஒன்று இந்த 37. இரு பக்கமும் மண்சுவர் எழும்பிய ஒடுக்கமான பாதை. முன்னால் விழுந்தவர்களைப் பார்த்ததும் இந்தப் படையின் வீரர்கள் அங்கேயே தரையில் படுத்துவிட்டார்கள், பின்னால் வந்தவர்களுக்கு வழி அடைபட்டது. வீட்டில் சொல்லி வந்த வீரச் செயல் எந்தத் தாளிலும் இல்லை. இருபது வயதுப் பையன் அந்தப் பாதையில் படுத்து உயிர் பிழைத்தான் என்றால், அதனால்தான் என் மகள் இருக்கிறாள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. மாமனாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நல்லவேளை” என்றார்.

இனி பென்ஷன் கோப்பு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

உள்நாட்டுப் போரில் வடதரப்பில் போரிட்டவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் அமெரிக்க அரசு பென்ஷன் கொடுத்தது. 1862-இல் தொடங்கிய சட்டம் வளர்ந்துகொண்டே போய், 1890-களில் கூட்டரசுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பென்ஷனுக்கே போனது. அவ்வளவு பணம் போகும்போது அரசு சாட்சி கேட்கும். அந்தச் சாட்சிகள் எல்லாம் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அட்டவணை அட்டைகளை இணையத்தில் பார்த்து, வீரரின் விண்ணப்ப எண்ணையும் விதவையின் விண்ணப்ப எண்ணையும் குறித்துக்கொண்டு, காப்பகத்தின் 85-ஆம் எண் படிவத்தில் முழுக் கோப்பு வேண்டும் என்று கேட்க வேண்டும். கட்டணம் உண்டு, வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். சில பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தரும் மலிவான வழியும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். நமக்கு வேண்டியது எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தேர்ந்தெடுப்பவருக்குத் தெரியாது. தெற்குத் தரப்பில் போரிட்டவர்களுக்குக் கூட்டரசு பென்ஷன் கிடையாது. அந்தந்தத் தென்மாநிலங்கள் பின்னாளில் கொடுத்தன, கோப்புகளும் அந்த மாநிலக் காப்பகங்களில்தான்.

எங்கள் கோப்பு நூறு பக்கத்துக்குக் கிட்டே இருந்தது. முன்பாதி அவருடையது. நாட்பட்ட வயிற்றுப்போக்கு, பீரங்கிச் சத்தத்தால் ஒரு காது கேளாமை, மருத்துவர்களின் சான்றுகள். அந்தப் போரில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம். தப்பியவர்களும் ஆயுள் முழுக்க அந்த நோயைச் சுமந்தார்கள். 1898-இல் பென்ஷன் அலுவலகம் எல்லோருக்கும் அனுப்பிய கேள்வித்தாள் ஒன்றும் இருந்தது. மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, எங்கே, எப்போது, யார் முன்னிலையில் திருமணம், உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும். எங்கள் ஆள் தன் கையால் நிரப்பியிருக்கிறார். பிறப்புப் பதிவே சரியாக இல்லாத காலத்தில் ஐந்து பிள்ளைகளின் பிறந்த தேதி ஒரே தாளில்.

பின்பாதி அவர் மனைவியுடையது. எள்ளுத் தாத்தா 1909-இல் இறந்தார். முந்தைய வருடம், 1908 ஏப்ரலில் வந்த சட்டப்படி விதவைக்கு மாதம் 12 டாலர். அதற்கு எள்ளுப் பாட்டி, தான் இன்னாருடைய மனைவி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 42 வருடம் குடும்பம் நடத்தி, ஒன்பது பிள்ளை பெற்றவர். ஆனால் 1867-இல் கவுண்டி நீதிமன்றத்தில் எழுதிய திருமணப் பதிவில் கணவர் பெயரை எழுத்தர் உருத்தெரியாமல் எழுதி வைத்திருந்தார். பென்ஷன் அலுவலகம் இது வேறு ஆள் என்றது. அதே பெயரில் பங்காளி ஒருவரும் பென்ஷன் வாங்கியதால் சந்தேகம் கூடியது. என்னை எட்டு மாதம் சுற்றவிட்ட அதே குழப்பம், அந்தக் கிழவியைப் பதினான்கு மாதம் பென்ஷன் இல்லாமல் காக்க வைத்திருக்கிறது.

எனக்கு அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது கை நடுங்கியது. இங்கே வந்த புதிதில் நானும் என் கணவரும் உண்மையிலேயே கணவன் மனைவி என்று குடியேற்ற அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. திருமண ஆல்பம், சேர்ந்து எடுத்த வங்கிக் கணக்கு, எங்களைத் தெரிந்தவர்களின் கடிதங்கள் என ஒரு பை நிறையக் கொண்டுபோனோம். என் பெயர் ஒரு தாளில் அப்பா பெயரோடும் இன்னொன்றில் வெறும் இனிஷியலோடும் இருந்ததை விளக்கவே பாதி நேரம் போனது. நூறு வருடத்துக்கு முன்னால் இதே குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஒரு பெண் இதையேதான் செய்திருக்கிறார்.

அவர் இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்தார். ஒருவர் சொந்த அக்கா. இன்னொருவர் பக்கத்துப் பண்ணைக்காரி. அக்காவின் வாக்குமூலத்தில்தான் பிறந்த வீட்டுப் பெயர் தெளிவாக, எழுத்துக்கூட்டி வந்தது. அண்டை வீட்டுப் பெண்மணி சொன்னது: மார்ச் மாதம், ஆற்றில் வெள்ளம், தேவாலயத்துக்குப் போகிற பாதை முழுகிக் கிடந்தது, ஆகவே பாதிரியாரை அக்கா வீட்டுக்கே அழைத்து வந்து கல்யாணம் நடத்தினார்கள். “எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பெண்ணின் காலணி நனைந்துவிட்டதால் என்னுடையதைத்தான் போட்டுக்கொண்டு நின்றாள்.” கீழே கையெழுத்து இல்லை. ஒரு பெருக்கல் குறி, அதற்குப் பக்கத்தில் “இவர் குறி” என்று எழுத்தர் எழுதியிருந்தார். என் அப்பத்தாவும் கைநாட்டுத்தான்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மறுபடி முதியோர் இல்லத்துக்குப் போனேன். அத்தைக்குக் கண் மங்கியிருந்தது. மெதுவாகப் படித்துக் காட்டினேன். காலணி வரியை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாவது முறையும் கேட்டார். முதல் நாளே தன் பெயர் யாருடையது என்று அவர் சொன்னதைக் கேட்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவில் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் தேடும் முறையே மாறியது. ஆணைத் தேடுவதை விட்டுவிட்டுப் பெண்களைத் தேடினேன். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண் கல்யாணமானதும் பெயரில் மறைந்துபோகிறார். ஆனால் சில இடங்களில் அவரைக் கேட்காமல் காரியம் நடக்காது. நிலப் பத்திரம் அப்படி ஒன்று. கணவர் நிலத்தில் மனைவிக்கு உரிமைப் பங்கு இருந்ததால், அவர் விற்கும்போது மனைவியும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். கணவரை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, “நீ மனமொப்பித்தான் கையெழுத்திடுகிறாயா” என்று அவரைத் தனியாகக் கேட்டதாகவே அந்தக் காலத்துப் பத்திரங்கள் எழுதியிருக்கின்றன. நியூ ஃபிலடெல்ஃபியாவிலுள்ள கவுண்டி அலுவலகத்தில் உட்கார்ந்து, நம் ஊரில் தாய்ப்பத்திரம் பார்ப்பதுபோல் ஒன்றிலிருந்து முந்தையதற்குப் போய்க்கொண்டே இருந்தேன். நான்கெல்லை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை. வடக்கே யார், கிழக்கே யார் என்று பார்த்தால் சாட்சிக் கையெழுத்திட்டவர்களும் சம்பந்தி வீட்டாரும் அங்கேதான் இருப்பார்கள்.

இன்னொரு இடம் தேவாலயப் பதிவேடு. ஓஹையோவில் பிறப்பையும் இறப்பையும் கவுண்டி நீதிமன்றங்கள் 1867-இலிருந்துதான் எழுதத் தொடங்கின, அதிலும் விடுபட்டவை ஏராளம். 1908 கடைசியில்தான் மாநிலம் பொறுப்பேற்றது. ஆனால் ஜெர்மன் தேவாலயங்கள் தங்கள் பதிவேட்டை விடாமல் எழுதின, பழைய குர்ரென்ட் கையெழுத்தில். அதைப் படிக்க இரண்டு மாதம் பழகினேன். அதில் e எழுத்து பார்க்க n போலவே இருக்கும், u எழுத்துக்கு மேல் ஒரு வளைவு போட்டு வேறுபடுத்துவார்கள். புள்ளி வைக்காத பழைய தமிழ்ப் பத்திரங்களைத் தடவித் தடவிப் படித்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும். எள்ளுப் பாட்டியைப் பற்றி அவருடைய இறப்புப் பதிவில் “ஜெர்மனி” என்று மட்டும் இருந்தது. அவர் அக்காவின் அடக்கப் பதிவில் வூர்ட்டம்பெர்க் பகுதியின் ஒரு சிற்றூர்ப் பெயர் முழுதாக இருந்தது. நமக்கு வேண்டியவரிடம் இல்லாதது அவர் அக்கா தங்கையிடம் இருக்கும். ஊர்ப் பெயர் கிடைத்ததும் கதவு திறந்துவிட்டது. வூர்ட்டம்பெர்க் தேவாலயங்கள் 1808 முதல் குடும்பம் குடும்பமாகவே பதிவேடு வைத்திருக்கின்றன. ஒரு தாளைத் திருப்பினால் அப்பா, அம்மா, எல்லாப் பிள்ளைகளும், ஓரத்தில் “அமெரிக்கா போனார்கள், 1847”. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, தானிய விலை ஏறிய வருடம். அதே ஊர்தான் எள்ளுத் தாத்தாவின் ஊரும். பங்காளிக் குடும்பம் இரண்டும் அந்தப் பதிவேட்டிலேயே அடுத்தடுத்து இருந்தன.

டிஎன்ஏ சோதனையும் செய்தோம். எள்ளுத் தாத்தாவிடமிருந்து ஒருவருக்கு வருவது சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே அது தானாக ஒன்றும் சொல்லிவிடாது. பங்காளிகள் இருவருக்கும் பொதுவான தாத்தா இருப்பதால் அந்தப் பக்கத்து உறவுகள் இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். எள்ளுப் பாட்டியின் அக்கா வழிவந்த ஒருவரோடு என் மாமனார் பொருந்தியதுதான் வழக்கை முடித்தது. இங்கேயும் அந்தப் பெண் வழிதான்.

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர் கறுப்பின அமெரிக்கர். என் கதையைக் கேட்டுவிட்டு அவரும் தொடங்கினார். 1870 வரை வேகமாகப் போனார், அங்கே சுவர். 1860-இல் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அவர்களுக்கென்று வைத்திருந்த தனித் தாள்களில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான், பெயர் கிடையாது. ஐந்து தலைமுறை தாண்டி ஜெர்மனியில் ஒரு குடும்பப் பதிவேட்டை நான் புரட்டிக்கொண்டிருந்த அதே மாதம் அவர் “பெண், 14” என்ற ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய முன்னோராக இருக்கலாம். எனக்கு அன்று பேச்சே வரவில்லை. அவருக்கும் வழி காட்டியவை, யாரோ எதையோ நிரூபிக்க வேண்டி வந்த காகிதங்கள்தான். விடுதலையானவர்களுக்காக 1865 முதல் 1872 வரை இயங்கிய துறையின் ஆவணங்கள், அவர்களுக்கான சேமிப்பு வங்கியில் கணக்குத் தொடங்கியவர்கள் தாய் தந்தை, உடன்பிறந்தவர்கள் பெயரையெல்லாம் சொன்ன பதிவேடுகள், கறுப்பினப் படைகளில் போரிட்ட ஏறத்தாழ 1,79,000 பேரின் கோப்புகள். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டம் எந்தத் தாளும் கொடுக்கவில்லை. ஆகவே அந்த விதவைகள் கொண்டுவந்த சாட்சிகள் அதிகம், அவர்கள் பேசியதும் அதிகம். எந்தப் பண்ணையில் கூடி வாழ்ந்தோம், யார் விற்றார், யாரோடு எங்கே போனோம் என்று பக்கம் பக்கமாக. தோழியின் முன்னோர் ஒருவர் அந்தப் படையில் இருந்தார் என்று இந்த வருடம் தெரிந்திருக்கிறது. கோப்பு கேட்டு எழுதியிருக்கிறார்.

இணைய மரங்களைத் திருத்தச் சொல்லி ஆறு பேருக்கு எழுதினேன், பென்ஷன் பக்கங்களையும் இணைத்து. இரண்டு பேர் திருத்தினார்கள். சிக்கமாகாவுக்குப் போய்வந்தது வீண் என்று மாமனார் நினைக்கவில்லை. “அவரும் நம்ம பங்காளிதானே” என்கிறார். 51-ஆம் படைக்காரரின் வழிவந்த ஒரு குடும்பத்துக்கு நான் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன்.

இப்போது ஒன்று பாக்கி. 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பெண்களிடம் இரண்டு கேள்வி கேட்டது: எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது. எள்ளுப் பாட்டி ஒன்பது, ஐந்து என்று சொல்லியிருக்கிறார். இறந்த நான்கில் ஒன்று, ஒரு கணக்கெடுப்போடு சேர்த்து எழுதிய இறந்தோர் பட்டியலில் கிடைத்தது, எட்டு மாதக் குழந்தை. இன்னும் இரண்டு, தேவாலயத்துக்குப் பின்னால் ஆட்டுக்குட்டி செதுக்கிய சின்னக் கற்களாக இருக்கின்றன. நான்காவது எங்கேயும் இல்லை. பிறந்த பிள்ளைகளின் இடைவெளியைப் பார்த்தால் 1873-க்கும் 1875-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த வருடங்களின் ஞானஸ்நானப் பக்கங்கள் மட்டும் நுண்படத்தில் மங்கலாக விழுந்திருக்கின்றன. மூலப் பதிவேடு இன்னும் தேவாலயத்து அலமாரியில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை திறந்து வைப்பார்களாம். மகளும் வருகிறேன் என்கிறாள், பூதக்கண்ணாடியை அவள்தான் வாங்கி வைத்திருக்கிறாள்.